அமுக்குவானும் தெளிகனவும்: இல்லத்தார்க்கு ஓர் உறக்கப் பாடம்



சென்ற தை மாதத்தில் ஒருநாள் விடியற்பொழுது, அபிஷேகப்பாக்கத்தில் உள்ள நம் இல்லத்து அடுக்களையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் நம் பெயர்த்தி முகம் வெளிறி வந்து நின்றாள். "ஆயா, இராத்திரி என்னை ஏதோ அமுக்கியது. கண் திறந்துதான் இருந்தது. சுவரில் நாட்காட்டி தெரிந்தது. கை, கால் அசையவில்லை. உங்களைக் கூப்பிட வாய் வரவில்லை. கதவோரத்தில் கறுப்பாக யாரோ நின்றார்கள்" என்றாள்.

அன்று மாலைக்குள் செய்தி தெருவுக்குத் தெரிந்துவிட்டது. தலைமாட்டில் இரும்புத் துண்டும் துடைப்பமும் வைக்கச் சொன்னார் ஒருவர். கயிறு மந்திரித்துக் கட்டச் சொன்னார் மற்றொருவர். "வயதுக்கு வந்த பெண், காலம் தாழ்த்தாமல் பேயோட்டுபவரிடம் காட்டிவிடுங்கள்" என்றார் மூன்றாமவர். மூவரும் நம் குடும்பத்தின்மீது அன்புடையவர்களே. எனினும் அம்மூன்றாவது அறிவுரையைக் கேட்டபோது நம் நெஞ்சம் துணுக்குற்றது. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

இதே இல்லத்தில் கல்லூரி முதலாண்டு பயிலும் பெயரனும் இருக்கிறான். கனவு காணும்போதே 'இது கனவு' என்று உணரலாம், உணர்ந்தபின் விரும்பியவாறு பறக்கலாம் என்று கைப்பேசிக் காணொளி ஒன்றில் கண்டு, விடியற்காலை 4 மணிக்குக் கடிகாரத்தை அடிக்க வைத்து எழுவதும் மீண்டும் படுப்பதுமாகப் பத்து நாள்கள் முயன்றிருக்கிறான். பறந்தானோ இல்லையோ, பதினோராம் நாள் அவனையும் 'அமுக்குவான்' அமுக்கிவிட்டது! தங்கை எதற்கு அஞ்சினாளோ, அதன் அண்டை வீட்டைத்தான் தமையன் தேடிச் சென்றிருக்கிறான் என்பது அப்போது தெரிந்தது.

இருவர்க்கும் அமர்ந்து விளக்கியவற்றையே இங்குப் பாடமாக எழுதுகிறோம். உடல் அசையாமற்போவது ஏன்? உருவம் தோன்றுவது ஏன்? அதற்கும் தெளிகனவுக்கும் உள்ள உறவு யாது? இல்லத்தார் செய்யத்தக்கது யாது? இந்நான்கு வினாக்களுக்கும் விடை காண்போம்.

1. பெயர் பல, நிகழ்ச்சி ஒன்று

நம் ஊர்ப்புறங்களில் இதனை அமுக்குவான் என்றும் அமுக்குப் பேய் என்றும் வழங்குவர். மருத்துவ நூலார் கூறும் பெயரைத் தமிழில் 'உறக்க முடக்கம்' எனலாம். உறங்கத் தொடங்கும்போதோ விழித்தெழும்போதோ, அறிவு விழித்திருக்க, உடல் மட்டும் சில நொடிகள் முதல் சில நிமிடங்கள் வரை அசைவற்றிருக்கும் நிலையே அது. மார்பின்மீது சுமை ஏறியதுபோலவும், மூச்சு முட்டுவதுபோலவும், அறையில் வேறொருவர் இருப்பதுபோலவும் தோன்றும். பின்னர்த் தானே நீங்கிவிடும்.

இது நம் நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. ஜப்பானியர் இதனைக் 'கனஷிபாரி' என்பர். உலோகத்தால் கட்டுண்டாற்போன்ற நிலை என்பது அச்சொல்லின் பொருள். எகிப்தியருள் பலர் ஜின்னின் செயல் என்பர். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மக்கள் கிழவி வந்து மார்பில் அமர்வதாகக் கூறுவர். இத்தாலியின் அப்ருட்சோ பகுதியினர் 'பாண்டஃபேக்கே' என்னும் சூனியக்காரியின் வேலை என்பர். அவளைத் தடுக்க அங்கும் துடைப்பம் வைக்கும் வழக்கம் உண்டு. நம் தெருவாரின் அறிவுரையும் கடல் கடந்த அவ்வூராரின் அறிவுரையும் ஒத்திருப்பதைக் கண்டு நம் பெயர்த்தி முதன்முறையாகச் சிரித்தாள்.

எத்தனை பேர்க்கு இது நேர்கிறது? பல ஆய்வுகளைத் தொகுத்து 2011 ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கு, பொதுமக்களுள் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதனை அடைந்துள்ளனர் என்கிறது. மாணவருள்ளோ அது 28 விழுக்காடு. இரவில் விழித்திருப்போர் மாணவரே அல்லரோ!

2. உறக்கத்தின் படிகள்

உறக்கம் ஒரே சீரான இருட்டன்று. இலேசான உறக்கம், ஆழ்ந்த உறக்கம், கனவு உறக்கம் எனப் படிகள் உள்ளன. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை இச்சுழற்சி நிறைவுற்று மீண்டும் தொடங்கும். முன்னிரவில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. பின்னிரவில், விடியலை நெருங்க நெருங்க, கனவு உறக்கம் மிகும்.

கனவு உறக்கத்தில் மூடிய இமைகளின்கீழ்க் கண்மணிகள் விரைந்து அசைகின்றன. 1953 ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்து அசெரின்ஸ்கி என்னும் மாணவரும் அவர்தம் ஆசிரியர் கிளைட்மனும் இவ்வசைவை ஆய்ந்து வெளியிட்டனர். அந்நேரத்தில் மூளை விழித்திருப்போர் மூளையைப் போலவே சுறுசுறுப்பாக இயங்குகிறது. அந்நிலையில் எழுப்பப்பட்டவருள் பெரும்பாலோர் தெளிவான கனவு கண்டதாகக் கூறுகின்றனர்.

இங்கு ஓர் ஐயம் எழும். கனவில் நாம் ஓடுகிறோம், நீந்துகிறோம், கைவீசிச் சண்டையிடுகிறோம். உடல் ஏன் பாயிலேயே கிடக்கிறது? கனவு உறக்கம் தொடங்கும்போது மூளைத் தண்டின் ஒரு பகுதி, தண்டுவடத்தின் வழியே தசைகளை இயக்கும் நரம்புகளை அடக்கிவைக்கிறது. கை, கால், கழுத்துத் தசைகள் தளர்ந்து போகின்றன. வண்டியின் பொறி ஓடிக்கொண்டிருக்கச் சக்கரத்திற்குத் தடை போட்டாற்போன்றது இது. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து அறிஞர் மிஷேல் ஷுவே பூனைகளிடம் இத்தளர்ச்சியைக் கண்டு 1959 இல் அறிவித்தார். சில முதியோர்க்கு இத்தடை பழுதுபட்டுக் கனவில் காண்பதை உடலாலும் செய்துவிடுகின்றனர் என்பதை 1986 இல் அமெரிக்க மருத்துவர்கள் விளக்கினர். உறங்குவோரைக் காக்கும் பூட்டு இது என்பது இதனால் விளங்கும்.

இப்பூட்டுக்கு இரு விலக்குகள் உண்டு. கண்ணை அசைக்கும் தசைகள் தளர்வதில்லை. மூச்சை நடத்தும் உதரவிதானமும் தன் வேலையை நிறுத்துவதில்லை. இவ்விரண்டையும் நினைவில் கொள்க, பின்னால் பயன்படும்.

3. அறிவு முந்தினால் அமுக்குவான்

வழக்கமாக நாம் விழிக்கும்போது அறிவும் உடலும் ஒருங்கே விழிக்கின்றன. சிற்சில வேளை அறிவு முந்திக்கொள்கிறது. பூட்டுத் திறக்கச் சற்றுத் தாமதமாகிறது. கண் காண்கிறது, காது கேட்கிறது, உடல் மட்டும் கனவு உறக்கத்திலேயே இருக்கிறது. உறக்க முடக்கம் என்பது இவ்வளவே.

மூச்சு முட்டுவது ஏன்? உதரவிதானம் இயங்கிக்கொண்டிருப்பினும், விலா எலும்புகளுக்கிடைப்பட்ட தசைகள் தளர்ந்துள்ளன. அஞ்சியவர் ஆழ்ந்து மூச்சிழுக்க விரும்புகிறார். தசை கட்டளைக்கு இணங்கவில்லை. அதனை மார்பின்மேல் அமர்ந்த சுமை என்று மனம் பொருள்கொள்கிறது. உண்மையில் மூச்சு நிற்பதில்லை.

உருவம் தோன்றுவது ஏன்? கனவின் காட்சி இன்னும் முழுதும் கலையவில்லை. திறந்த கண்ணால் காணும் அறையின்மேல் அக்கனவின் எச்சம் படிகிறது. அதற்குமேல் ஒரு விளக்கத்தைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்தில் பேராசிரியராக விளங்கிய தமிழறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன், பாலண்ட் ஜலால் என்பவருடன் இணைந்து 2014 இல் முன்வைத்தார். கையை இழந்தோர் இல்லாத கையில் வலியை உணர்வதை ஆய்ந்து புகழ்பெற்றவர் அவர். நம் உடலின் வடிவத்தை மூளை தனக்குள் ஒரு படமாக வைத்திருக்கிறது. அதில் வலப்பக்க மேற்பகுதிக்குப் பெரும்பங்கு உண்டு. அசையுமாறு கட்டளை போகிறது. அசைந்தது என்னும் மறுமொழி உடலிலிருந்து வரவில்லை. அக்குழப்பத்தில் தன் உடற்படத்தையே மூளை வெளியே நிறுத்தி 'அங்கே ஒருவர்' என்று காணக்கூடும் என்பது அவ்விருவர் கருத்து. இது கருதுகோளே, முற்றும் மெய்ப்பிக்கப்பட்டதன்று. எனினும் கதவோரத்து ஆள் வெளியிலிருந்து வரவேண்டிய கட்டாயமில்லை என்பதை உணர இது போதும்.

அச்சம் இதனை எவ்வளவு பெருக்குகிறது என்பதற்கும் சான்றுண்டு. டென்மார்க்கிலும் எகிப்திலும் ஜலால் தம் துணைவருடன் செய்து 2013 இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்டவருள் டென்மார்க்கில் 25 விழுக்காட்டினர்க்கும் எகிப்தில் 44 விழுக்காட்டினர்க்கும் இந்நிலை நேர்ந்திருந்தது. எகிப்தியர்க்கு முடக்கம் நீண்டதாகவும், இறந்துவிடுவோம் என்னும் அச்சம் மிகுந்ததாகவும் இருந்தது. அச்சம் உறக்கத்தைக் கெடுக்கிறது. கெட்ட உறக்கம் மீண்டும் முடக்கத்தைத் தருகிறது. அம்முடக்கம் அச்சத்தை உறுதி செய்கிறது. பேய்க்கதை சொல்லும் பெரியோர் இச்சுழலை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

4. கனவுக்குள் விழித்தால் தெளிகனவு

இனிப் பெயரன் தேடிய பொருளுக்கு வருவோம். கனவு தொடர்ந்துகொண்டிருக்கும்போதே 'நான் காண்பது கனவு' என்னும் அறிவு தோன்றுவது தெளிகனவு. சிலர்க்குக் கனவின் போக்கை மாற்றவும் இயலும். 2016 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, மக்களுள் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் இதனைக் கண்டவர்கள்.

உறங்குபவர் தாம் கனவில் விழித்திருப்பதை வெளியே உள்ளவர்க்கு எங்ஙனம் மெய்ப்பிப்பார்? வாய் அசையாது, கை அசையாது. கண் மட்டும் பூட்டப்படவில்லை என்று மேலே சொன்னோம் அல்லவா? 1975 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்னும் ஆய்வாளர்க்கு, ஆலன் வொர்ஸ்லி என்பவர் கனவினுள்ளிருந்தே, முன்னர்ப் பேசி வைத்தவாறு கண்களை இடமும் வலமும் அசைத்துக் குறி காட்டினார். கருவிகள் அதே நேரத்தில் அவர் உறங்குவதையும் பதிவு செய்தன. பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபார்ஜ் இவ்வாய்வைத் தனித்துச் செய்து 1981 இல் வெளியிட்டார்.

2021 இல் அமெரிக்கா, பிரான்சு, ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாட்டு ஆய்வுக் குழுவினர் ஒருபடி மேலே சென்றனர். தெளிகனவில் இருந்த ஒருவரிடம் எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை என்று வினவ, அவர் கண்ணசைவால் இரண்டு என விடையளித்தார். இத்தகைய முயற்சிகளுள் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவானவற்றிலேயே சரியான விடை கிடைத்தது. அரிதாயினும், உறக்கத்தில் அறிவு விழித்திருக்கக்கூடும் என்பது இதனால் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது.

5. இரண்டிற்கும் உள்ள உறவு

இவ்விரு நிலைகளையும் அருகருகே வைத்துக் காண்போம். இரண்டிலும் உடல் கனவு உறக்கத்தின் பூட்டுக்குள் இருக்கிறது. இரண்டிலும் அறிவு விழித்துக்கொண்டது. வேற்றுமை, அறிவு எங்கே விழித்தது என்பதில் உள்ளது. தெளிகனவினர் கனவென்னும் இல்லத்துக்குள் விழித்தார். படுக்கையறை அவர்க்குத் தெரிவதில்லை. முடக்கமுற்றவர் வாசற்படியில் விழித்தார்; அறை தெரிகிறது, கனவும் கலையவில்லை. முன்னவர் காண்பதைக் கனவென்று அறிந்தமையால் அஞ்சவில்லை. பின்னவர் கனவின் எச்சத்தை நனவென்று கொண்டமையால் அஞ்சுகிறார்.

எல்லை இவ்வாறு ஒட்டியிருப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதும் உண்டு. தெளிகனவிலிருந்து வலிந்து எழ முயன்று முடக்கத்தில் அகப்பட்டோர் உளர். முடக்கத்தில் அஞ்சாமல் தளர்ந்திருந்து கனவுக்குள் தெளிவுடன் சென்றோரும் உளர்.

2017 இல் டான் டெனிஸ், ஜூலியா பொயரியோ என்னும் இரு இங்கிலாந்து ஆய்வாளர்கள் 1928 பேரை வினவிக் கண்ட முடிவு இங்கு நினைக்கத்தக்கது. இரண்டிற்கும் உறவு உண்டு; ஆனால் அது வலுவானதன்று. உறக்கக் குறைபாடு உறக்க முடக்கத்தோடு தொடர்புற்றிருந்தது; தெளிகனவோடு அவ்வாறில்லை. ஆகவே முடக்கம் நேர்வோரெல்லாம் தெளிகனவினர் ஆகார். தெளிகனவினர் எல்லார்க்கும் முடக்கம் நேர்வதுமில்லை.

பெயரன் செய்த பிழை இப்போது விளங்கும். கனவு உறக்கம் மிகும் விடியற்காலையில் எழுந்து மீண்டும் படுப்பது தெளிகனவுக்கு வழி என்று கற்பிப்போர் கூறுவது ஆதாரமுடையதே. ஆனால் அறிவை எழுப்பி, உடலை உடனே கனவு உறக்கத்துக்கு அனுப்பும் அதே வழி முடக்கத்துக்கும் கதவைத் திறக்கிறது. அவனோ பத்து நாள் உறக்கத்தையும் குலைத்துக்கொண்டான். தானே வருமாயின் வியந்து மகிழலாம். படிக்கும் பிள்ளை அதற்காக உறக்கத்தை விற்க வேண்டா என்றோம்.

6. நம் ஆகமம் கூறுவது

இத்தகைய செய்திகளைச் சொல்லும்போது நம் இல்லத்தார் சிலர், "வியந்தர தேவர் எண்வகையருள் பிசாசரும் கூறப்பட்டுள்ளனரே" என்று வினவுவர். நல்ல வினா. உலகில் எவ்வகை உயிர்கள் உள என்று கூறும் இடம் வேறு. உறக்கம் எதனால் நேர்கிறது என்று கூறும் இடம் வேறு. உறக்கத்தை நம் ஆசாரியர்கள் வியந்தரர் பகுதியில் வைக்கவில்லை. வினைப் பகுதியில் வைத்தனர்.

தத்துவார்த்த சூத்திரத்தின் எட்டாம் அத்தியாயத்தில் தரிசனாவரணீய வினை ஒன்பது வகையாக எண்ணப்படுகிறது. அவற்றுள் ஐந்து உறக்க வகைகள்: நித்திரை, நித்திராநித்திரை, பிரசலை, பிரசலாபிரசலை, ஸ்தியானகிருத்தி. பத்தாம் நூற்றாண்டினராகிய நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்திகள் கோம்மடசாரத்தின் கர்ம காண்டத்தில் இவற்றின் அடையாளங்களை விளக்குகிறார். எழுப்பினாலும் கண் திறக்கவியலாத உறக்கம் ஒன்று. உறங்கிக்கொண்டே செயல் புரிவதும் பேசுவதும் ஆகிய உறக்கம் மற்றொன்று. பிரசலையின் விளக்கமோ இன்று நாம் படிக்கும் பாடத்துக்கு மிக அணுக்கமானது: கண் சிறிதே திறந்திருக்க, உறங்கியும் சற்றுச் சற்று அறிந்துகொண்டிருக்கும் நிலை அது.

நம் முன்னோர் இன்றைய மூளையாய்வை அன்றே கூறிவிட்டனர் என்று பெருமை பேசுவதற்காக இதனை எழுதவில்லை. உயிரின் காட்சி மறைப்புண்பதை விளக்குவதே அவர்தம் நோக்கம். எனினும் அவர் வகுப்பிலிருந்து நாம் பெறத்தக்கவை இரண்டு. உறக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையே படிகள் பல உண்டு என்பது ஒன்று. அதன் காரணம் உறங்குபவரிடமே உள்ளது, புறத்திலிருந்து ஏவப்படுவதன்று என்பது மற்றொன்று. நற்காட்சிக்கு மாசாகிய மும்மூடங்களை விலக்கச் சமந்தபத்திரர் முதலிய ஆசாரியர்கள் அறிவுறுத்தியதும் இத்தகைய இடங்களில் நம் கால் வழுக்காதிருத்தற்கே.

7. ஒரு மாணவியின் நினைவு

பேயோட்டுபவரிடம் காட்டுமாறு கூறியதைக் கேட்டு நெஞ்சம் துணுக்குற்றதன் காரணத்தை இனிச் சொல்வோம்.

1984 ஆம் ஆண்டில் ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் கல்வி உளவியல் கற்பித்துவந்தோம். சிற்றூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிய மாணவி ஒருத்தி இருந்தாள். குழந்தைகளுக்குக் கதை சொல்லும் பயிற்சியில் அவளுக்கு நிகர் அவ்வகுப்பில் எவரும் இல்லை. அவள் வகுப்பில் அடிக்கடி உறங்கிவிடுவாள். எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுத்து கோணிக் கோடாகிவிடும். யாரேனும் நகைச்சுவை சொன்னால் சிரித்துக்கொண்டே முழங்கால் மடிந்து தரையில் அமர்ந்துவிடுவாள். இரவில் அமுக்குவதாக அழுவாள். உடன் தங்கியவர்கள் அவளோடு ஓர் அறையில் படுக்க மறுத்தனர். வீட்டார் வந்து அழைத்துச் சென்றனர். பேயோட்டும் இடத்தில் அவளை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். அவள் பயிற்சிக்குத் திரும்பி வரவேயில்லை.

நாம் என் செய்தோம்? வகுப்பில் உறங்கியதற்காக இருமுறை அவளை எழுந்து நிற்கச் செய்தோம். அவள் தந்தையார் வந்த அன்று மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று ஒரு சொல் சொல்லவில்லை. குடும்பத்தார் முடிவில் தலையிடலாகாது என்றிருந்தோம்.

ஓய்வு பெற்றபின் ஒரு மருத்துவ நூலைப் படித்தபோது, பகலில் அடக்கவொண்ணா உறக்கம், சிரிப்பு முதலிய உணர்ச்சியால் தசை தளர்ந்து விழுதல், உறக்க முடக்கம், உறங்கும் தறுவாயில் உருவெளிக் காட்சி ஆகிய நான்கும் 'நார்கோலெப்சி' என்னும் நரம்பு நோயின் அடையாளங்கள் என்று கண்டோம். மருந்தால் அடக்கக்கூடிய நோய் அது. அவளுக்கு இருந்தது அதுவே என்று உறுதி கூற நாம் மருத்துவர் அல்லேம். ஆயினும் அப்பக்கத்தைப் படித்து முடித்து நெடுநேரம் நூலை மூடாமல் அமர்ந்திருந்தோம். உளவியல் கற்பித்த ஆசிரியர் நாம். அறியாமை அவள் பெற்றோர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

8. இல்லத்தார் செய்யத்தக்கவை

வருமுன் காத்தல் எளிது. உறக்கக் குறைவு, ஒழுங்கற்ற நேரம், மனக்கவலை, மல்லாந்து படுத்தல் ஆகியவை முடக்கத்தோடு தொடர்புடையவை. பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும். நம் பெயர்த்தி அவ்வாரத்தில் 5 மணி நேரமே உறங்கியிருந்தாள். பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நம் இல்லங்களிலேயே பிள்ளைகள் நள்ளிரவில் காப்பி பருகிப் படிப்பதைக் கண்டும் காணாதிருக்கிறோம். அதனை நிறுத்துக. ஒருக்களித்துப் படுக்கப் பழக்குக.

முடக்கம் வந்தவிடத்து என் செய்வது? ஜலால் நான்கு படிகளைக் கூறுகிறார். முதலாவது, 'இஃது உறக்க முடக்கம், தீங்கற்றது, நீங்கிவிடும்' என்று மனத்துள் சொல்லிக்கொள்ளுதல். இரண்டாவது, அஞ்சுதற்கு ஏதுமில்லை என்று விலகி நிற்றல். மூன்றாவது, மனத்துக்கு இனிய ஒன்றில் கருத்தை ஊன்றுதல். நம் பிள்ளைகள் பஞ்ச நமஸ்காரத்தை மனத்துள் ஓதலாம். நான்காவது, உடலை அசைக்கப் போராடாமல் தளர்த்திவிடுதல். நார்கோலெப்சி உடைய பத்துப் பேரைக் கொண்டு இத்தாலியில் நிகழ்ந்து 2020 இல் வெளியான ஒரு சிற்றாய்வில், இதனைப் பயின்றோர்க்கு முடக்கம் நேரும் நாள்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. சிறிய ஆய்வே எனினும், செலவும் தீங்கும் அற்ற வழி. அருகில் உறங்குவோர் முனகலைக் கேட்டால் மெல்லத் தொட்டு அழைக்கட்டும். பெரும்பாலும் அப்போதே கலைந்துவிடும்.

எப்போது மருத்துவரை நாடுவது? முடக்கம் அடிக்கடி நேர்ந்தாலும், பகலில் அடக்கவொண்ணாமல் உறங்கினாலும், சிரிக்கும்போது உடல் துவண்டாலும், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தாலும், முதியோர் கனவில் கைகால் வீசி அடித்தாலும் காலம் தாழ்த்தலாகாது. நம் புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனையில் நரம்பியல் துறை உண்டு. பெங்களூருவில் நிம்ஹான்ஸ் உண்டு. வெட்கப்படுவதற்கு இதில் யாதொன்றும் இல்லை.

மீள்பார்வை வினாக்கள்

மாலையில் பிள்ளைகளோடு அமர்ந்து இவற்றுக்கு விடை காண்க.

1. கனவு உறக்கத்தில் உடல் பூட்டப்படுவதால் நமக்கு விளையும் நன்மை யாது?
2. பூட்டப்படாத தசைகள் எவை? அவற்றுள் ஒன்று தெளிகனவு ஆய்வுக்கு எவ்வாறு உதவிற்று?
3. உறக்க முடக்கத்துக்கும் தெளிகனவுக்கும் உள்ள ஒற்றுமை இரண்டும் வேற்றுமை ஒன்றும் கூறுக.
4. ஆகமம் உறக்கத்தை எவ்வினையின்கீழ் வைக்கிறது?
5. உங்கள் வகுப்பில் ஒரு தோழி பகலெல்லாம் உறங்கி வழிந்தால் யாரிடம், என்னவென்று கூறுவீர்கள்?

ஐந்தாம் வினாவே இப்பாடத்தின் பயன். அதற்கு விடை சொல்லத் தெரியாமல் ஓர் ஆண்டு நாம் வகுப்பில் நின்றிருந்தோம்.

பெயர்த்திக்கு மாசி மாதத்தில் மீண்டும் ஒருமுறை முடக்கம் வந்தது. மறுநாள் காலை வந்து, "ஆயா, வந்தது, எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன், போய்விட்டது" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் புறப்பட்டாள். தலைமாட்டில் வைத்திருந்த துடைப்பத்தை அன்றே எடுத்து அதற்குரிய மூலையில் வைத்தோம்.